நான் கழற்றிய ஸ்விட்ச்

ஆடி 9, புதன்

உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது.

ஸ்டெல்லா டீச்சரின் பழைய காரில், கிளட்ச்சை மிதித்தால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. போன மாதம் அது கெட்டுப்போனதால், என் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். புதியது கோயம்புத்தூரிலும் கிடைக்கவில்லை. கழற்றிவிட்டு ஒயர்களை நேராக இணைத்து அனுப்பினேன். அவரிடம் சொல்லவில்லை.

குன்னூர் சரிவில் எல்லோரையும் போல அவரும் வண்டியை கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். இன்று காலை வைப்பர் போடுவதற்காக, வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகச் சாவியைத் திருப்பியவர், கை தவறி ஸ்டார்ட் வரை திருப்பிவிட்டிருக்கிறார். வண்டி பாய்ந்து, முன்னால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அவர் கணவரைச் சுவரோடு நெருக்கிவிட்டது. முழங்கால் முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டீச்சர் கேட்டார்: “கிளட்ச் மிதிக்காம ஸ்டார்ட் ஆகாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

“அந்த ஸ்விட்ச்சை நான்தானுங்க கழட்டிட்டேன். உங்ககிட்ட சொல்லலைங்க.”

டீச்சர் சொன்னார்: “அவரு என்னையத்தான் திட்டிட்டிருந்தாருங்க. முழிச்சதும் நீங்களே சொல்லிருங்க.”

டீச்சரின் கணவர் ஊசி மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் விழிக்கப் பார்த்தபோது எழுந்து வந்துவிட்டேன்.

காலையில் மறுபடி போக வேண்டும்.