ஐந்தாவது ஆள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அது முதல். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிக் கை பழகிவிட்டது, ஆனால் இந்தத் தடவை அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன், முழுவதும் படித்துவிட்டு சுகமா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், கடைசியில் இரண்டு பேரும் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, அவருக்கு நம் வேலை தெரியாது, நீயும் சின்ன வயதிலேயே விடுதிக்குப் படிக்கப் போனவள், உனக்கும் பாதிதான் தெரியும். வீட்டில் வேறு விசேஷம் இல்லை. மாடித் தையல்காரர் வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவர் முழுக்க ஊறிக் கிடக்கிறது, கேட்டால் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார், நம் தொழிற்சாலை மேனேஜரிடம் பாடம் கேட்டவர் போல.

வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. ஒப்பந்தம் எழுதியாயிற்று, அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுட்டு முதல்ல அப்பாவை வெளிய கூட்டிட்டு வாம்மா என்று போனில் அத்தனை தரம் சொன்னாயே, அப்படியே ஆயிற்று, அப்பா உலையை விட்டு வெளியே வந்துவிட்டார், பின்னறையில் தூங்குகிறார். ஆனால் நீ சொன்னது நடந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதே. என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்கிறேன்.

நம் தொழிற்சாலையில் பாட்டில் செய்கிறோம், அது உனக்குத் தெரியும். உலை ஒன்று, உலைவாயில் ஒரு ஷிப்டு முறைக்கு நான்கு பேர். மணலும் உடைந்த கண்ணாடியும் கலந்த கலவையை நீண்ட இரும்புக் கோலால் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவர் நகர்ந்தால் அவர் பங்கையும் சேர்த்து மற்ற மூவர் தள்ள வேண்டும். அதனால் யாரும் நகர்வதில்லை. தாகம் எடுத்தாலும் நிற்பார்கள், கால் நரம்பு இழுத்தாலும் நிற்பார்கள், ஒன்றுக்குப் போவதைக்கூட அடக்கிக்கொள்வார்கள். அடுத்த கொட்டகையில்தான் நான் இருக்கும் தரம் பார்க்கும் பிரிவு, வெளிச்சத் திரைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக வரும், விரிசலும் குமிழும் உள்ளதைப் பார்த்துப் பொறுக்கி எறிவோம். எங்களிடம் வந்து சேர்வதற்குள் பாட்டில் ஆறிவிடுகிறது, அந்த நால்வர்தான் ஆறுவதே இல்லை. வெயில் காலத்தில் ஒரு நாள் உன் அப்பா வேலை முடிந்து வந்து குளியலறையிலேயே விழுந்துவிட்டார். உனக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நீ அங்கே சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாய். உடம்புல தண்ணி வத்தி வத்தி சிறுநீரகம் கெட்டுக்கிட்டு வருது, நடுநடுவே வெளிய வந்து உக்காந்து தண்ணி குடிக்கணும், இல்லேன்னா ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் பச்சையாகவே சொன்னார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார், மறுநாள் காலையில் போய்க் கோலைப் பிடித்துக்கொண்டார். வேறு வேலைக்கு மாற்றிக் கேளுங்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். முன்பு ஒருவர் அப்படி மாறிப் போனபோது அந்த இடத்துக்கு ஆள் போடாமல் ஒரு மழைக்காலம் முழுக்க மூன்று பேரை வைத்தே ஓட்டினார்கள், நான் போனா மத்த மூணு பேர் கதி என்ன என்று கேட்கிறார்.

அதனால்தான் பழைய ஒப்பந்தம் முடிந்து புதிதாகப் பேச உட்கார்ந்தபோது சம்பள உயர்வு, கூடுதல் லீவு இரண்டோடும் உலைவாய்க்கு ஐந்தாவது ஆள் வேண்டும் என்பதையும் சேர்த்தோம். ஐந்து பேர் இருந்தால் மாற்றி மாற்றி ஒருவர் வெளியே வந்து காற்று வாங்கலாம், அவ்வளவுதான் விஷயம், உலகத்தைப் புரட்டிப்போடும் கோரிக்கை ஒன்றும் இல்லை. தரம் பார்க்கும் பெண்கள் சார்பில் என்னைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பினார்கள், உனக்கு வாய் நீளம், நீயே போ என்றார்கள். ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து சூட்டைப் பற்றிப் பேசினோம். மேனேஜர் மரியாதைக்காரர், தட்டில் பிஸ்கட் தீரத் தீர வந்தது, ஐந்தாவது ஆள் மட்டும் வரவில்லை. சம்பளத்தில் இறங்கி வந்தார்கள், லீவிலும் இறங்கி வந்தார்கள், உலை ஆள் விஷயம் பின்னர் பரிசீலிக்கப்படும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்று ரொக்கம் நாளை கடன் என்று கடையில் பலகை தொங்குமே, நாளைக்குப் போனாலும் அதே பலகைதான் தொங்கும், அந்தக் கதைதான் இது. பேச்சு முறிந்தது, வேலையை நிறுத்தினோம்.

இங்கே மாப்பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலைக்கு மட்டும் வேலைநிறுத்தம் கிடையாது. அது அணைந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி கல்லாக உறைந்து செங்கல்லெல்லாம் வெடித்துவிடும், அப்புறம் சண்டை போட்டு வாங்குவதற்குத் தொழிற்சாலையே இருக்காது. அதனால் எப்போது நிறுத்தினாலும் உலை ஆட்களை உள்ளே விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வெளியே வருவோம். அவர்களைக் கருங்காலி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று கையில் வெள்ளைத் துணி கட்டி அனுப்புவோம், வேலைநிறுத்தம் முடியும் வரை அவர்கள் வெளியே வருவதில்லை, உள்ளேயே இரண்டு பிரிவாக மாறி மாறி நின்று, உலை வாசலிலேயே படுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டைத் தொழிற்சாலை கேட்டில் கொடுத்தனுப்புவோம். இந்தத் தடவை உள்ளே போனவர்களில் உன் அப்பா ஒருவர். நான் வெளியே போராட்டப் பந்தலில், அவர் உள்ளே நெருப்பில். யோசித்துப் பார், நான் விட்டுக்கொடுக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் அங்கே நிற்க வேண்டும், விட்டுக்கொடுத்தால் அடுத்த ஒப்பந்தம் வரை வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம். மேனேஜருக்கும் இது தெரியும். உங்க வீட்டுக்காரர் உள்ள தவிக்கறாரு, நீங்க இங்க பிடிவாதம் பிடிக்கறீங்களேம்மா என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதில் பொய் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அன்றைக்கு மாலைதான் நீயும் போன் செய்து அதையே சொன்னாய். கத்தியது உன்மேல் உள்ள கோபத்தில் இல்லை கண்ணு.

போகப் போக வெளியே நிற்பவர்களுக்கும் முடியவில்லை. பாட்டில்களை அடுக்கிச் சிப்பம் கட்டும் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பந்தலில் படுக்கவைத்தார்கள், வீட்டில் தனியாக விட்டால் பசிக்கிறது என்று அழுகிறார்களாம், இங்கே இருந்தால் பொதுச் சமையலில் ஒரு வாய் கிடைக்கும். சங்கச் செயலாளர் வந்து, சம்பளமும் லீவும் கிடைச்சிருக்கு, இதோட முடிச்சுக்கலாம், கேட்டுல கை தூக்கச் சொல்லி முடிவு பண்ணலாம் என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இத்தனை வருஷமாகக் கேட்டுக்கு வெளியே கை தூக்கித்தான் எல்லாம் முடிவு செய்திருக்கிறோம், உலை ஆட்கள் உள்ளே இருப்பதால் ஒரு தடவையும் அவர்கள் கையை யாரும் கேட்டதில்லை. இதுவரை அது யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கென்று தனியாக ஒரு கோரிக்கையை நாம் வைத்ததே இல்லை. யாருக்காக ஐந்தாவது ஆளைக் கேட்கிறோமோ அவர்களையே விட்டுவிட்டு அவர்கள் விஷயத்தை முடிப்பது என்ன நியாயம் என்று எழுந்து கேட்டேன். செயலாளர் சிரித்துக்கொண்டே, உங்க வீட்டுக்காரருக்காகப் பேசறீங்க என்றார். ஆமா, எங்க வீட்டுக்காரருக்காகத்தான் பேசறேன், உங்க வீட்டம்மாவா அங்க நிக்கறாங்க என்று கேட்டுவிட்டேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது, அவர் முகம் சுண்டிப்போயிற்று, பாவம், அவரும் கெட்டவர் இல்லை. கடைசியில் உலையில் முறை மாறும்போது அவர்களைக் கேட்டுக்கு உள்பக்கம் வரவழைத்து அவர்கள் கையையும் சேர்த்து எண்ணுவது என்று முடிவாயிற்று. எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். அவர்கள் வந்து கை தூக்காமல் நின்றாலே போதும், வெளியே இருப்பவர்கள் மனம் மாறிவிடும் என்று நம்பினேன்.

வந்தார்கள். கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், வெள்ளைத் துணியெல்லாம் கரியேறிக் கிடந்தது. உன் அப்பாவை எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை, கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை, பந்தலில் படுத்திருந்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டோரம் எண்ணும் பொறுப்பு என்னுடையது. கையெழுத்துப் போடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று செயலாளர் சொன்னதும் உன் அப்பாதான் முதலில் தூக்கினார். தூக்கிய கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற உலை ஆட்களும் தூக்கினார்கள். அதற்குப் பிறகு வெளியே யார் தூக்காமல் இருப்பார்கள், எல்லாக் கையும் மேலே போயிற்று. நான் எண்ணினேன். உன் அப்பாவின் கையையும் எண்ணினேன். எண்ணும்போது அழவில்லை, எண்ணி முடித்துச் சொல்லிவிட்டு பந்தலுக்குப் பின்னால் போய் அழுதேன்.

அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்ளும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், உங்களுக்காகத் தொண்டை வறளப் பேசினேனே, என்னை எல்லார் முன்னாலும் பைத்தியக்காரி ஆக்கிவிட்டீர்களே என்று. அவர் கோபப்படவில்லை. அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா நிக்கறது, நாங்க நின்னு பழகினவங்க, அவங்க பட்டினி கிடந்து பழகக் கூடாது என்றார். இதற்கு என்ன சொல்வது நீயே சொல். மனுஷனைக் கட்டிக்கொண்டு அழுவதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று தெரியாமல் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வெளியே வருமுன் மேனேஜர் அறையில் கையெழுத்துப் போடும்போது, இந்தச் சம்பள உயர்வு எல்லாருக்கும், இதற்கு விலை அந்த நாலு பேர் என்றுதான் நினைத்துக்கொண்டே போட்டேன். சிப்பம் கட்டும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்கள் வயிறும் வயிறுதானே.

நேற்று காலையில் அப்பாவே வலிய வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாப்பாவுக்கு எழுதறியா, எழுது, இந்த ஒப்பந்தத்துல லீவு கூடியிருக்கு, பிரசவத்துக்கு ரெண்டு பேரும் வரோம்னு எழுது என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. ஆகவே அவர் சொன்னபடி எழுதுகிறேன்: அப்பாவும் நானும் பிரசவத்துக்கு வருகிறோம்.

இனி நான் எழுதுவது எனக்கும் உனக்கும். அவர் வரமாட்டார் கண்ணு. லீவு தாளில்தான் கூடியிருக்கிறது. உலைவாயில் ஒருவர் லீவு எடுத்தால் மூன்று பேர், அந்த மூவரில் நெட்டையர் என்று கூப்பிடுவார்களே, அவருக்கு ஏற்கெனவே கால் வீங்குகிறது, அவரை விட்டுவிட்டு உன் அப்பா விமானம் ஏறுவாரா. பழைய ஒப்பந்தத்தில் இருந்த லீவையே அவர் எடுத்ததில்லை. புறப்படும் வாரத்தில் ஏதாவது ஒரு காரணம் சொல்வார், அது அவருக்கு இப்போதே தெரியும், எனக்கும் தெரியும், இருந்தாலும் அந்த வெளிச்சத்தை நான் அணைக்கவில்லை. நீயும் அணைக்காதே. போனில் அவர் வரேம்மா என்று சொன்னால் ஏன், எப்படி என்று துருவாமல் சரிப்பா வாங்க என்று சொல். முடிந்தால் அடிக்கடி பேசி, தண்ணீர் குடித்தீர்களா என்று கேள், நான் கேட்டால் நச்சரிப்பு, நீ கேட்டால் பாசம். ஐந்தாவது ஆளை நான் விடப்போவதில்லை, பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருக்கிறார்கள் அல்லவா, பரிசீலித்தீர்களா என்று மாதாமாதம் போய் அந்த நாற்காலியில் உட்காருவேன், பிஸ்கட்டுக்கு அவர்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் பார்த்துவிடலாம். ஆனால் அதற்குள் அவர் உடம்பு என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்லிவிட்டேன்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். வேலையில் நிற்கச் சொன்னால் நிற்காதே, நாற்காலி கேள், உனக்கு உரிய லீவைக் கேட்டு வாங்கு, வெட்கப்படாதே. மாத்திரையை மறக்காதே. நான் தனியாகத்தான் வருவேன், எனக்கு ஒரு கட்டில் போதும். ஆனால் அப்பா கேட்டால் இரண்டு போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா