ஸ்டூல் மேல் விழுந்த பழி

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தம்பி எழுதுவது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை நாலரை மணிக்கு அரிப்பைத் தீர்க்க அம்மாவின் மாவுக்கட்டுக்குள் நுழைந்த என் பென்சில் இன்னும் வெளியே வரவில்லை. வலது மணிக்கட்டு நீங்கலாக இங்கே அனைவரும் சௌக்கியம், உன் சௌக்கியத்தில்தான் அம்மாவுக்குச் சந்தேகம். இனி வரும் திட்டு அம்மாவுடையது, பிழை என்னுடையது.

ஏண்டி, வயசானா எலும்பு அப்படித்தான் என்றா போனில் சொன்னாய்? எனக்கு ஐம்பத்திரண்டுதான். ஒரு முழ உயர ஸ்டூலிலிருந்து விழுந்ததுக்கெல்லாம் எலும்பு உடையக் கூடாதும்மா, உள்ளே சல்லடையா இருக்கு என்று டாக்டர் ஸ்கேனைக் காட்டியபோது எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது. மருந்துக் கடையில் இருபது வருஷம் நின்று, மாதவிலக்கு நின்னா எலும்பு வேகமா கரையும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவள், என் எலும்பை ஒரு நாளும் பார்த்துக்கொள்ளவில்லை. கால் ஆடுகிற அந்தச் சனியன் ஸ்டூலைத் தூக்கி எறிந்தாயிற்று. மிச்ச ஆத்திரம் உன் மேல். இளைக்கிறேன் பேர்வழி என்று காலையில் வெறும் காப்பி, மதியம் பட்டினி, ராத்திரி நாலு பிஸ்கட், வெயிலே படாத ஆபீஸ். மூணு மாசமா தூரமே ஆகலை என்று சிரிக்கிறாய், அதுவும் எலும்பை அரிக்குமாம். (இதை எழுத மாட்டேன் என்றேன், இடது கையால் குட்டு விழுந்தது.) முப்பது வயசுக்குள் சேர்க்கிறதுதான் எலும்புக்குச் சேமிப்பு, உனக்கு இருபத்தாறு. பால், முட்டை, கீரை சாப்பிடு, லிஃப்டை விட்டுப் படியேறு, இந்த வாரமே டாக்டரைப் பார். பார்த்தேன் என்று புளுகாதே, சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

அம்மா மூச்சு வாங்கும் இடைவெளியில் என் பெருமையும் கேள். வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது, காலை வெயிலில் நடக்க வைப்பது, முட்டை அவிப்பது எல்லாம் நானே. இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அத்தையே சொன்னார்.

நூறு வயசுவரை வளையாமல் நிமிர்ந்து நட, கண்ணு. சீட்டை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா (இடது கைக் கட்டைவிரல் ரேகை)

அக்கா, அம்மா நடக்கப் போயிருக்கிறாள். அந்த ஸ்டூல் ஒரு பாவமும் அறியாது. அலமாரி மேல்தட்டில் ரப்பர் பல்லி வைத்தது நான்தான். சும்மா கத்துவாள் என்று நினைத்தேன், விழுவாள் என்று நினைக்கவில்லை. நீ டாக்டர் சீட்டு அனுப்புகிற அன்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். மெதுவாக அனுப்பேன் என்று ஒரு மனசு கெஞ்சுகிறது. அது சொல்வதைக் கேட்காதே.