காற்றுக் குழாயில் ஆயில்

அம்மா,

இன்று காலை என் ஷெட்டுக்கு ஒரு பழைய கார் வந்தது. ஆட்டோமேட்டிக் கியர். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் நகர யோசிக்கிறது. என்னிடம் வேலை பார்க்கும் மெக்கானிக் பெண் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகினாள். திரையில் ஓர் எழுத்தும் சில எண்களும் வந்தன. “கியர் நழுவுதுன்னு கோட் வருது அண்ணாச்சி” என்றாள். எதனால் என்று கோட் சொல்லவில்லை. அவள் கியர் ஆயில் பார்க்கும் அளவுக் கம்பியை உருவியதும் கருகின சிவப்பு ஆயிலின் வாசம் வந்தது. அவ்வளவுதான், ஷெட்டை அப்படியே போட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில், புதுத் துறைமுகம் வந்த புதிதில், நான் அறிந்து தூத்துக்குடியில் கிளட்ச் இல்லாத கார் உங்களுடையது ஒன்றுதான். முதலாளி ஐயா ஆசைப்பட்டு வாங்கிய அமெரிக்கக் கார். அவர் காலமான பிறகு தோணிகளையும் சரக்கு அடுக்கும் கிட்டங்கியையும் டிரைவர் என்னையும் சேர்த்து நீங்கள்தான் கட்டி மேய்த்தீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் இடது கால் கிளட்சைத் தேடிச் சும்மா காற்றை மிதிக்கும். நீங்கள் பின் சீட்டில் இருந்து சிரிப்பீர்கள்.

பிறகு வண்டி நழுவ ஆரம்பித்தது. கியர் ஆயில் குறைந்தால் நழுவும், ஊற்றினால் ஒழுங்காக ஓடும். கப்பல்காரர்களிடம் சொல்லிவைத்து வாங்கும் சிவப்பு ஆயில் அது. டின்னுக்கு டின் காலியானது, ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஈரமே இல்லை. ஊர் மெக்கானிக்குகள் இது நம்மூர்ச் சரக்கு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கிட்டங்கி மேனேஜர் மட்டும் என்னைப் பார்த்தார். “ஆயிலுக்கு என்ன றெக்கையா முளைச்சிருக்கு? தரையில ஒரு சொட்டு கிடையாது. வெளிய இந்த ஆயில கேட்டுக் கேட்டு வாங்குதானுவ” என்று சுமைதூக்குபவர்கள் காதில் விழும்படி சொன்னார்.

நீங்கள் வண்டியை உப்பளத்துக்கு விடச் சொன்னீர்கள். “உப்பு மேல நிறுத்து. எஞ்சின் ஓடட்டும். ஒழுகுனா செவப்பாத் தெரிஞ்சிரும்” என்றீர்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்றோடு என் பெயர் தப்பியது என்று நினைத்தேன். வெயில் ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டு வண்டியை நகர்த்திப் பார்த்தால் உப்பு பளிச்சென்று இருக்கிறது. குனிந்து குனிந்து தேடினேன், ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. என்னைக் காப்பாற்ற வந்த சோதனையே என்னை மாட்டிவிட்டது. திருடன் என்ற பெயரோடு ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் ஏறி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன் என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கணக்குத் தீர்த்திருப்பார்கள். நீங்கள், “நாளைக்கு மணப்பாடு போவோம் தங்கராசு. நானும் முன்னால உக்காந்து வாரேன்” என்றீர்கள்.

மறுநாள் அளவுக் கம்பியை நீங்களே உருவிப் பார்த்தீர்கள். ஆயில் கோடு வரை நிறைந்திருந்தது. மீதி டின்னைக் காலடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். எனக்குக் கூச்சத்தில் உடம்பெல்லாம் குறுகியது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டினோம். திருச்செந்தூருக்கு அப்பால் எஞ்சின் கத்த, வண்டி நழுவியது. மணப்பாட்டில் கோயில் மேட்டுக்குக் கீழே நிறுத்திக் கம்பியைப் பார்த்தால், ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. வழியில் இருவரும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

“நீ எடுக்கல” என்றீர்கள். எனக்கு உயிர் வந்தது. எனக்கு அது போதும். உங்களுக்குத்தான் போதவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று, “மிதிலே” என்றீர்கள். மிதித்தேன். வெள்ளையாகப் புகை வந்தது. பழைய எஞ்சின் புகைக்கத்தான் செய்யும் என்று நாங்களெல்லாம் விட்டுவிட்ட புகை. நீங்கள் அதை மோந்துவிட்டு, கம்பியில் இருந்த ஆயிலையும் மோந்தீர்கள்.

“ரெண்டும் ஒரே வாசந்தாம்லே. கியர் பெட்டி ஆயில எஞ்சின் குடிக்குது. எந்த வழியாப் போவுது?”

சூடு ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு அந்த வெள்ளைச் சேலையோடு மணலில் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தீர்கள். “என்னம்மா செய்யுதிய? நான் பாக்குதேன்” என்று பதறினேன். “நீ பாத்தா, மேனேஜர் நம்பணும்லா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கியர் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன டப்பா ஒன்று, அதிலிருந்து எஞ்சினுக்கு ஒல்லியாக ஒரு குழாய். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய் அது, உள்ளே உலர்ந்து கிடக்க வேண்டியது. நீங்கள் அதன் ரப்பர் முனையை உருவியதும் உள்ளங்கையில் சிவப்பாக ஆயில் வழிந்தது.

“காத்து போற குழாயில ஆயிலுக்கு என்ன சோலி?”

டப்பாவுக்குள் இருந்த ரப்பர் சவ்வு கிழிந்து, அந்த வழியாகக் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடித்திருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல், மூக்கையும் யோசனையையும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்தீர்களே! இத்தனை வருடம் இந்தத் தொழிலில் கிடந்தும் எனக்கு அந்தப் பிரமிப்பு தீரவில்லை. சுள்ளியைச் செதுக்கி இரண்டு முனைகளையும் அடைத்தேன், ஆயிலை ஊற்றினேன். திரும்பும் வழியெல்லாம் கியர் குலுக்கிக் குலுக்கித்தான் விழுந்தது. ஆனால் நழுவவில்லை.

வழியில் கேட்டேன், எனக்காக ஏன் இவ்வளவு தூரம் என்று. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: “உப்பப் பாத்ததும் நானும் உன்னைத்தாம்லே சந்தேகப்பட்டேன். நீ எடுத்திருந்தா எனக்கு வேற டிரைவர் கிடைப்பான். எடுக்காத உன்ன அனுப்பியிருந்தா, என் மனசுக்கு நான் என்ன பதில் சொல்ல?” கிட்டங்கியில் எல்லாரும் நிற்கும்போது, ஆயில் போன வழியைச் சொல்லிவிட்டு அதையே மறுபடி சொன்னீர்கள். சேலை முழுக்க மணலும் கறையும். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது எனக்குக் கீழே சில டிரைவர்கள் இருக்கிறார்கள். டீசல் குறைகிறது என்று யாரைப் பற்றியாவது புகார் வந்தால், நான் அந்த வண்டியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். அப்படிப் போனதில் ஒருவன் உண்மையிலேயே திருடன்தான். அவனையும் கோவில்பட்டி வரை கூடப் போய்ப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். அன்று நீங்கள் முன் சீட்டில் உட்காராமல் இருந்திருந்தால், ஓட்டப்பிடாரத்தில் என் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் ஆயில் திருடன் பிள்ளைகள் என்றுதான் பெயர் இருக்கும், அம்மா.