நாலுக்கு முன்னால் நிற்கிற ஒண்ணு

மற்றவர்களுக்கெல்லாம் போனவர்களின் நினைவு மல்லிகைப்பூவிலோ ஊதுபத்தியிலோ வரும்போலிருக்கிறது. எனக்கு உன் நினைவு ஈரச் செருப்பு நாற்றத்தில் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. நேற்றுச் சாயங்காலம் சாரல் ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்திருந்தது. பூட்ஸ் மாட்டி, பந்துக்குக் காற்றடித்துவிட்டு வேப்பமரத்தடிக்குத் திரும்பினேன். பதினோரு ஜோடி ரப்பர் செருப்புகள் ஊறிப்போய் வரிசையாகக் கிடந்தன. இந்த வாசத்தைப் பாட்டிலில் அடைத்து எதிர் டீமுக்கு அனுப்பினால் மேட்சே ஆட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டேன்.

அது உன் இடத்தில் கிடந்தது.

இப்போது மணி பன்னிரண்டு. மூன்று மணிக்குக் கீழப்பாவூர் பஸ், நாலரைக்கு மேட்ச். காலையிலிருந்து ஐந்து தடவை பாத்ரூம் போய்விட்டேன். ஆட்டம் தொடங்கும் முன்பே டீமில் அதிகம் ஓடியவன் நான்தான். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உனக்கு எழுதுகிறேன். பதில் போட மாட்டாய் என்கிற தைரியம்.

அந்தச் செருப்பு வழக்கத்தை நீ எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தாய்! கோல் கீப்பரும் கேப்டனுமான சுடலை அண்ணன் கண்டுபிடித்த சட்டம் அது. "வாயால சொன்னா எதிராளி காதுல விழும்லே. செருப்பப் பாத்து அவனவன் இடத்துக்குப் போங்க" என்பார். எல்லோரும் செருப்பைக் கழற்றி அவரிடம் விட வேண்டும். அவர் அதை மைதானம் மாதிரி பரப்பி வைப்பார். பின்வரிசையில் நாலு ஜோடி, அதற்கு முன்னால் தனியாக ஒரு ஜோடி, அப்புறம் மூன்று, முன்னால் இரண்டு. நாலு, ஒண்ணு, மூணு, ரெண்டு. கீப்பர் செருப்பு கடைசியில், கணக்கில் வராத காவல்காரன். பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போக வேண்டும். மறுகேள்வி கிடையாது. ஒருநாள் அந்த வழியாக வந்த ஒரு பெரியவர், மரத்தடியில் இத்தனை செருப்பு கிடப்பதைப் பார்த்து ஏதோ சாமி இருக்கிறது என்று தன் செருப்பையும் ஓரமாகக் கழற்றி விட்டுவிட்டுக் கும்பிட்டார். நீ அதைப் பார்த்துவிட்டு என் காதில், "சப்ஸ்டிடியூட் வந்தாச்சுலே" என்றாய். அவர் போகிற வரைக்கும் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு.

தனியாகக் கிடக்கிற அந்த ஒரு ஜோடி உன்னுடையது. எனக்கு அந்த இடத்தின் அருமை அப்போது தெரியாது. டீமை ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொண்டால், முன்னால் நிற்கிற இரண்டு பேரும் மாப்பிள்ளைகள். போட்டோ எல்லாம் அவர்களுக்கு. நடு மூன்று பேர் மேளக்காரர்கள். இடது ஓரத்து மேளம் நான், சத்தம் கொஞ்சம் அதிகம். பின்னால் நாலு பேரும் வாசலில் நிற்கிற மாமாக்கள், அழைக்காதவனை உள்ளே விட மாட்டார்கள். நீ பந்தி பார்க்கிறவன். எந்த இலையில் எது குறைகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்கிறவன். யாராவது எழுந்து போனால் அந்த இடத்தில் போய் நிற்பவன். கோல் அடித்தால் அவன் பெயர் வராது. கோல் வாங்கினால் அவன் பெயர்தான் வரும்.

எழுந்து போகிற அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். பந்து கிடைத்தால் தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் ஓடுகிறவன் மாதிரி மேலே போவேன். பந்து போய்விட்டால் திரும்பி வர எனக்கு மட்டும் பஸ் கிடைக்காது. நான் காலி செய்துவிட்டுப் போன ஓரத்தில் எதிராளி இறங்கும்போது அங்கே நீ இருப்பாய். எப்படி வந்தாய் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. ஃபேன் எப்படிச் சுற்றுகிறது என்று யார் யோசிக்கிறார்கள்?

போன சீசனில் சுடலை அண்ணன் கையுறையில் நான் எண்ணெய் தடவியது நினைவிருக்கிறதா? அருவிக்கரையில் ஆட்களுக்குத் தேய்த்துவிட உங்கப்பா வைத்திருக்கிற எண்ணெய். நீதான் ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவந்தாய், முழங்காலுக்கென்று. பிராக்டிஸில் மூன்று பந்து அவர் கையிலிருந்து வழுக்கி உள்ளே போனது. நாலாவது பந்தில் அவர் கையுறையை முகர்ந்து பார்த்தார். அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இன்னொரு சேட்ட பண்ணுனேன்னு வையி, டீம்ல உனக்கு இடம் கெடையாது. இது கடைசி."

கடைசி என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமே கீழப்பாவூரில் மேட்ச். அவர் அங்கிருந்த ஒரு மரத்தடியில் செருப்பைப் பரப்பிவிட்டு டாஸ் போடப் போனார். நீ கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாய். நான் உன் செருப்பை எடுத்து முன்னால், அந்த இரண்டு மாப்பிள்ளைகளுக்கு நடுவில் வைத்தேன். நீ வந்து பார்த்து முழிப்பாய், சிரிப்பேன், எடுத்துத் திருப்பி வைப்பேன், அவ்வளவுதான் திட்டம். அதற்குள் மழை வலுக்கப்போகிறது என்று ரெஃப்ரி அவசரமாக விசில் ஊதிவிட்டார். நீ ஓடிவந்து செருப்பை ஒரு பார்வை பார்த்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே முன்னால் போய் நின்றுகொண்டாய்.

உன்னைக் கூப்பிட்டு நிறுத்த எனக்கு எத்தனையோ நொடி இருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. எதிராளி அதற்குள் லாரியே ஓட்டினான். பின்னால் கோல் கம்பத்திலிருந்து சுடலை அண்ணன் கத்தினார். மைக்செட்டும் மழையும் போட்ட சத்தத்தில் யாருக்குக் கேட்டது? அவர் பந்து வெளியே போன நேரம் பார்த்து ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பின்னால் விடுவதற்குள் இரண்டு கோல். அப்புறம் நீ ஒன்றைக்கூட விடவில்லை. ஆனாலும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

"யாருலே உன்ன மேல போகச் சொன்னா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

நீ மரத்தடியில் கிடந்த உன் செருப்பைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். நான் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டேன். நீயே சொன்னாய்:

"நாந்தாண்ணே மாத்தி வச்சேன். ஒரு கோல் அடிச்சுப் பாக்கலாம்னு ஆச."

"ஆசையாம்லா ஆச! ரெண்டு மேட்சு வெளிய உக்காந்து ஆசப்படு."

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொல்லிருதேம்லே" என்றேன். நீ ஜன்னல் கம்பியில் வழிகிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "விடுலே, நீ சொன்னா உன்னத் தூக்கிருவாரு. எனக்கு ரெண்டு மேட்சுதான?" என்றாய்.

எனக்கு அது வசதியாக இருந்தது. விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு மேட்சும் நீ கோட்டுக்கு வெளியே, சட்டையில்கூட மண் படாமல், எங்கள் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் உட்கார்ந்திருந்தாய். நான் கோல் அடித்தபோது கை தட்டினாய். மூன்றாவது மேட்சுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை உனக்குக் காய்ச்சல் என்றார்கள். சாரலில் யாருக்குத்தான் காய்ச்சல் வராது? டெங்கு என்று திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். 'லீவு போட நல்ல ஐடியா' என்று உனக்கு மெசேஜ் அனுப்பினேன். அதற்கு ஒரு டிக்தான் விழுந்தது. இன்றைக்கு வரைக்கும் ஒரு டிக்தான்.

உனக்கு இருந்தது இரண்டே மேட்ச். அந்த இரண்டையும் நான் தின்றுவிட்டேன்.

இந்த சீசனில் உன் இடத்தில் மூன்று பேரை நிறுத்திப் பார்த்தாயிற்று. ஒருவன் பந்து போகிற பக்கமெல்லாம் ஓடினான். ஒருவன் தபால் பெட்டி மாதிரி நட்டுக்கொண்டு நின்றான். மூன்றாமவன் நன்றாகத்தான் ஆடினான், ஆனால் எல்லோரும் அவனை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் அடுத்த நாள் வரவில்லை. கடைசியில் நேற்று என் செருப்பு அங்கே.

"எண்ணே, தப்பா வச்சிட்டீங்க" என்றேன்.

"தப்பா வைக்க நான் என்ன நீயா?" என்றார். சும்மா விளையாட்டாகத்தான் சொன்னார். "ஏலே, அவன் எங்கன நிப்பான், எப்ப நகருவான்னு உனக்குத்தாம்லே தெரியும். அவன் இருக்கானான்னு பாத்துப் பாத்துத்தான நீ ஓடுவ?"

நான் ஒருநாளும் பார்த்ததில்லை அண்ணே என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக மற்றது வந்துவிட்டது. வரிசையாக, நிறுத்தாமல் சொன்னேன். செருப்பை மாற்றியது நான். சிரித்தது நான். பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டதும் நான்.

சுடலை அண்ணன் அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார். கையில் அவருடைய செருப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டினார்.

"ரெண்டு மேட்சுலே..." என்றார். செருப்பைக் கீழே வைத்தார். "அன்னைக்கே சொல்லிருந்தா அவன ஆட விட்ருப்பேம்லா? எல்லார் முன்னாலயும் ஏசுனேம்லே அவன" என்றார்.

"எண்ணே..."

"பேசாத. வீட்டுக்குப் போ."

சைக்கிளை எடுத்தேன். கிரவுண்டு வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். கால் பெடலில் ஏறவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து சத்தம்: "ஏலே! மூணு மணி பஸ்சு. அந்த இடத்துல நீதான் நிக்க. வேற எவனையும் விடப்போறதில்ல. நின்னு பாரு, தெரியும்."

அது மன்னிப்பு இல்லை. அது எனக்குத் தெரியும். டீமைவிட்டுத் தூக்கியிருந்தால் இன்று நான் வீட்டில் கால் மேல் கால் போட்டுப் படுத்திருப்பேன். அதைவிடப் பெரிய தண்டனையை யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

என்னென்ன பயம் என்று சொல்லட்டுமா? பந்து என் காலுக்கு வந்ததும் பழக்கத்தில் மேலே ஓடிவிடுவேனோ என்று பயம். வலது பக்கம் பார்க்கும்போது இடது பக்கம் திறந்துகொண்டால்? நாலு பேரும் என்னை நம்பி முன்னேறி வந்த நேரத்தில் நான் கால் இடறி விழுந்தால்? அவர்கள் உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேனா? நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். ஓடுகிறவனுக்குப் பயப்பட நேரம் கிடையாது. நிற்கிறவனுக்குத் தொண்ணூறு நிமிடமும் அதே வேலை.

காலையில் ஷாஜி வந்தான். என் இடது ஓரம் இன்றைக்கு அவனுக்கு. செங்கோட்டைக்காரன், உனக்குத் தெரியுமே, வாயைத் திறந்தால் பாதி கேரளா. சைக்கிளை விட்டு இறங்காமல் எங்கள் வாசற்படியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"எடா, நான் மேல கேறிப் போயிட்டேன்னா, பின்னால நீ உண்டல்லோ?"

"உண்டு, உண்டு. உண்டுட்டு வந்து நிப்பேன்."

"தமாசு வேண்டாம்டா. எனக்குப் பேடியா இருக்கு."

பேடி என்றால் பயம். அவன் முகத்திலும் அதுதான் இருந்தது. அவனைச் சிரிக்கவைக்க எனக்கு இன்னும் பத்து வார்த்தை தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இருக்கேம்லே. நீ போ."

அவ்வளவுதான். ஷாஜி பல்லைக் காட்டிவிட்டுப் பெடலை மிதித்துப் போய்விட்டான். எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டான் என்று எனக்குத் திக்கென்றது. அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒவ்வொரு மேட்சிலும் நீ எனக்குச் சொன்னது இதைத்தான். நானும் இப்படித்தான் பல்லைக் காட்டிவிட்டு ஓடினேன். உனக்குப் பயமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேட்ச் அன்றைக்கு உங்கம்மா வாழையிலையில் கட்டித் தருகிற எலுமிச்சம்பழச் சாதத்தை பஸ் ஏறியதுமே என் மடியில் வைத்துவிடுவாய். "எனக்குப் பசியில்லலே, நீ தின்னு" என்பாய். என்னுடையதோடு சேர்த்து இரண்டு பொட்டலத்தையும் தின்றுவிட்டு, உன் சட்டையில் கை துடைத்து, உன்னை இளக்காரம் பண்ணுவேன். ஒருநாள்கூட உனக்குப் பசித்ததில்லை. நான் அதைக் கவனித்ததில்லை.

இப்போது அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். இறங்காது என்று எனக்குத் தெரியும். பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் ஷாஜிக்குப் பசிக்கும்.