மூலைக் கட்டத்துக்கு அம்பு போகும், சார்

சார்,

இன்று காலை அண்ணனூரில் ஒரு வீட்டுக் கூடத்துக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். நூலை இழுத்துக் கட்டி, நாலு கல் சேர்கிற மூலையில் விரலை ஓட்டி மேடு பள்ளம் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா, "இன்னா மேஸ்திரி, கல்லு ஜோக் சொல்லுதா?" என்று கேட்டார். சொன்னது கல் இல்லை, நீங்கள்தான். "மூலையும் ஒட்டினதுதான்வே!"

வானகரத்து ஃபிளாட்டில் உங்களைப் பார்த்ததும் இதே வேலையில்தான். முதல் நாளே இரண்டு பெட்டி டைல்ஸைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். "எல்லாம் ஒரே டிசைன்தானவே?" என்றீர்கள். பெட்டிமேல் அச்சடித்திருந்த இங்கிலீஷ் எழுத்து மற்றப் பெட்டிகளோடு ஒத்துப்போகவில்லை. அதைப் படிக்க எனக்குத் தெரியாது. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஆனால் உருவம் தெரியும். ஒரு எழுத்து மாறினாலும் தரையில் சாயம் மாறிவிடும். பிரித்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒன்று பால், ஒன்று மோர். அன்றைக்குத்தான் என்னை மனுஷனாகப் பார்த்தீர்கள்.

மதியம் உங்கள் சாப்பாட்டு மேசைமேல் கட்டம் கட்டமாக ஒரு அட்டை விரிந்திருந்தது. "இன்னா சார், அடுத்த ரூமுக்கு சாம்பிளா?" என்றேன். "பாதாளக் கோட்டைவே. உள்ள பூதம் இருக்கு" என்றீர்கள். திருநெல்வேலிக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம், காது முடி நரைத்துவிட்டது, பொம்மை பூதத்தோடு விளையாடுகிறார் என்று எங்கள் கள்ளிக்குப்பம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே பூதம் அடிக்க வந்து உட்கார்ந்தேன்.

நீங்கள் வாள்வீரன், நான் வில்லாளி, உங்கள் வீட்டம்மா பூதங்கள் கட்சி. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன்; யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை. விதிப் புத்தகம் இங்கிலீஷ். நீங்கள் படித்துச் சொல்வதுதான் சட்டம். ஒட்டிய கட்டத்தில் நிற்பவனைத்தான் வாளால் வெட்டலாம். ஒட்டிய கட்டத்தில் நிற்பவன்மேல் அம்பு விடக்கூடாது. தள்ளி நிற்பவன்மேல்தான் விடலாம். நியாயம்தான். ஆனால் மூலைக்கு மூலை மட்டும் தொடுகிற கட்டம்?

"மூலைக்கு வாள் எட்டாது" என்றீர்கள்.

"அப்போ நான் அம்பு உடுறேன்."

"அதுவும் ஆகாது. மூலையும் ஒட்டினதுதான்."

"இன்னா சார் ஞாயம் இது? வாளுக்கு ஒட்டாத மூலை, அம்புக்கு மட்டும் ஒட்டிக்குதா? கம் தடவி வச்சிகிறீங்களா?"

"புக்குல காட்டும்வே, ஒத்துக்கிடுதேன்."

என் வாய்க்கு நீங்கள் கண்டுபிடித்த பூட்டு அது. மூன்று வருஷம் என் வில்லாளி மூலைக்கு மூலை கை கட்டி நின்றாள். நானும் மூன்று வருஷம் கத்தினேன். எந்த ஞாயிறும் நீங்கள் அசையவில்லை.

கோட்டையின் கடைசி அறைக்கு வந்த அன்று வெளியே மழை. உங்கள் வாள்வீரனுக்கு மிச்சம் ஒரே உயிர். உங்கள் முறையில் வெட்டினீர்கள், தவறிவிட்டது. பூதம் உங்களை ஒட்டி நிற்கிறது, எனக்கு மூலையில் நிற்கிறது. எனக்குப் பின்னால் பள்ளம், நகர வழியில்லை. அடுத்தது என் முறை, அதற்கடுத்தது பூதத்தின் முறை. நான் அம்பு விடாவிட்டால் நீங்கள் காலி. அப்போதும் அடம்! "நான் செத்தாலும் சட்டம் சட்டம்தான்வே." டீ ஆறிப்போகிற வரை சண்டை போட்டு, அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தோம். வியாழக்கிழமை உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

நாலு மாசம் கழித்து அக்கா போன் செய்தார். "அண்ணே, ஆட்டத்தை முடிச்சிருவோம். வாங்க." போனேன். அதே மேசை. பொம்மைகள்மேல் பழைய செய்தித்தாள் கூடாரம் போட்டு மூடியிருந்தார், ஒன்றுகூட நகரவில்லை. உங்கள் ஆள் பூதத்துக்கு எதிரில் அப்படியே நிற்கிறான்.

"அவுகளுக்காகன்னு விட்டுக்குடுக்க மாட்டேன். விட்டுக்குடுத்தா அவுகளுக்கே பிடிக்காது" என்றார் அக்கா. "மூலையும் ஒட்டினதுன்னு அவுக சொல்லிட்டாக. இல்லைன்னா புக்குல காட்டுங்க."

பூட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்களே, சார்! அந்த நாலு மாசத்தில் உங்களுக்காக நான் செய்ய முடிந்தது எதுவுமில்லை. இது ஒன்று இருந்தது. உங்களை இரண்டாவது தடவை சாகவிட எனக்கு மனசில்லை.

புத்தகத்தை வாங்கினேன். வில் படம் போட்ட பக்கத்தை அக்கா விரலால் காட்டினார்: "இதுதான் 'ஒட்டிய'ங்கிற வார்த்தை." அதன் உருவத்தைக் கண்ணில் ஏற்றிக்கொண்டேன், பெட்டி எழுத்தைப் பார்ப்பதுபோல. பிறகு ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு வரியாக அதே உருவத்தைத் தேடினேன். அக்கா சிரித்துக்கொண்டே காப்பி போடப் போனார். பதினாலாம் பக்கத்தில் பிடித்தேன். நடுவில் ஒரு வாள்வீரன் படம். அவனைச் சுற்றி நாலு பக்கமும் நாலு சிவப்புக் கட்டம். நாலு மூலையும் வெள்ளை. படத்துக்கு அடியில் அதே எழுத்துக் கூட்டம், ஒரு புள்ளி மாறாமல்.

"அக்கா! காப்பிய உடுங்க, இங்க வாங்க! இந்த டிசைனும் அந்த டிசைனும் ஒண்ணா இல்லியா?"

அக்கா வந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். "சிவப்பு மட்டும்தான் ஒட்டிய கட்டம்னு போட்டிருக்கு அண்ணே."

"மூலை?"

"வெள்ளை." சுவரில் மாலை போட்டிருந்த உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "மூணு வருசமா இந்த மனுசன் இந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்ல!"

"ஒட்டலைன்னா தள்ளின்னு அர்த்தம். தள்ளின்னா அம்பு போவும். போவுமா போவாதா?"

"போகும். விடுங்க."

மூன்று பகடை. இரண்டிலாவது மண்டையோட்டுப் படம் விழுந்தால்தான் பூதம் சாகும். கை வேர்த்தது சார், ஆறாவது மாடி ஜன்னல் விளிம்பில் கல் ஒட்டியபோதுகூட இப்படி வேர்த்ததில்லை. உருட்டினேன். மூன்றிலும் மண்டையோடு! "போடு!" என்று கத்தியது யார் தெரியுமா? பூதங்கள் கட்சித் தலைவி. கத்திவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் பகடை பொறுக்குகிறேன் என்று மேசைக்கு அடியில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

உங்கள் ஆளை நானே தூக்கி, கட்டம் கட்டமாக எண்ணி, வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். கோட்டை விழுந்தது. இப்போது அவன் உங்கள் படத்துக்கு முன்னால் வாளோடு நிற்கிறான், அந்த ஒரே உயிரோடு.

நான் கேட்டு வாங்கியது அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் மட்டும். நாலாக மடித்து, நூல்கண்டோடு வேலைப் பையில் வைத்திருக்கிறேன். ஓரமெல்லாம் வெள்ளை சிமெண்ட் ஒட்டிவிட்டது. மறுபடி எங்கே சந்தித்தாலும் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

பதினாலாம் பக்கம், சார். படத்துக்குக் கீழே. ஒத்துக்கொள்ளுங்கள்.