கண்ணை மூடிச் சொன்ன பொய்

என் பிரியமுள்ள சாராம்மா,

மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் இடத்துக்கு இன்னும் நர்ஸ் போடவில்லை. சுற்றுக் கிராமங்களுக்கு நான் ஒருத்திதான் போய்வருகிறேன். இன்று உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. உன்னைத் தவிர யாருக்கு அது முழுசாக விளங்கும்?

ஓடைப்பட்டியில் செல்லத்தாயி என்று பதின்மூன்று வயதுப் பெண். தோளிலும் மேல்கையிலும் வெளிறிய திட்டுகள். பெருநோய் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பள்ளிக்கூடத்தை நிறுத்தி, மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய அறையில் அவளைத் தனியாக வைத்திருந்தார்கள். வெளியூரில் பெருநோய்க்காரர்களை வைத்துப் பார்க்கும் விடுதியில் விட்டுவர அப்பா வண்டிகூடப் பேசிவிட்டார். அதற்கு முன்னால் ஒரு தரம் பார்க்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

தொழுநோயில் திட்டின் மேல் தொடு உணர்ச்சி மங்கும் அல்லவா? கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் தொட்டேன்.

"தெரியுதா?"

"தெரியுது."

தொட்ட இடமெல்லாம் அதே பதில். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீகளா நர்சம்மா, எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல."

கிளம்ப இருந்தவள், ஏனோ பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தொடாமல் கேட்டேன். "இப்பத் தெரியுதா?"

"தெரியுது."

அப்படியானால் முன்னால் சொன்ன எதையும் நம்ப முடியாது, சாராம்மா. "பி.ஏ. படிச்ச சேச்சிக்குக் கேள்வி கேக்க மட்டுந்தான் தெரியும். பிள்ளைக்கு அது பரீட்சையாக்கும்" என்று உன் மலையாளத் தமிழில் கேலி செய்வாயே, அதுதான் காதில் விழுந்தது.

அம்மாவை வெளியே போகச் சொன்னேன். "வயசுக்கு வந்த புள்ளை, நான் இல்லாமலா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் செல்லத்தாயி பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவளே வாய் திறந்தாள்.

"எல்லாத்துக்கும் தெரியுதுன்னு அம்மாதான் சொல்லச் சொன்னாக."

"மெய்யாவே தெரியலையா ஆத்தா?"

"பயத்துல எது தெரியுது, எது தெரியலன்னே புரியல. என்னய அங்கன அனுப்பிருவாகளா?"

"இனிமே நான் கேக்க மாட்டேன். கண்ண மூடிக்க. நான் தொட்ட எடத்த நீ வெரலால தொட்டுக் காட்டு. தொடலைன்னா சும்மா இரு" என்றேன்.

தோளில் தொட்டேன். விரல் சரியாக அங்கே வந்து நின்றது. மேல்கையில், திட்டின் நடுவில் தொட்டேன். அங்கேயும் வந்தது. தொடாமல் காத்திருந்தேன். விரல் அசையவே இல்லை. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவினேன், தடிப்பு இல்லை. திட்டை நகத்தால் லேசாகச் சுரண்டினேன், மாவு போல உதிர்ந்தது. தேமல், சாராம்மா! வளர்கிற வயதில், வியர்க்கிற உடம்பில் வருகிற வெறும் தேமல். அவள் மெய்யையே பொய் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள்.

நம் ஆஸ்பத்திரி டாக்டரும் அவளைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். கந்தகக் களிம்பு கொடுத்திருக்கிறார்.

"வண்டிக்காரனுக்கு என்ன பதில் சொல்றது?" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

"வரச் சொல்லுங்கப்பா, பள்ளிக்கூடத்துக்கு அதுல போறேன்" என்றாள் செல்லத்தாயி. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். ஆனால் வெளுப்பு மறையச் சில மாதம் ஆகும். அதுவரை ஊர் வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் இருந்த பிள்ளைகள் தள்ளி உட்காருகிறார்களாம். "நான் வந்து எல்லார் முன்னாலயும் களிம்பு தடவட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன். "கையில மட்டும். தோள்ல வேணாம்" என்றாள்.

நாளைக் காலை போகிறேன். அவள் பெஞ்சிலேயே ஒட்டி உட்கார்ந்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, வெறுங்கையால் தடவுவேன். கையில் மட்டும். இது உனக்கும் அவளுக்கும் நான் தருகிற வாக்கு.

மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் உன் சேச்சி,
கோமதி