உயிரோடிருந்தவருக்குப் போட்ட படம்

ஒசாகாவில் குடைக்குப் பூ வரைந்து பிழைக்கும் பேரன் சோகிச்சிக்கு, எடோவிலிருந்து பாட்டி எழுதுவது. நலம்தானே? பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி ஒன்று அனுப்பியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி.

நீ வீட்டை விட்டுப் போன அன்று நம் படக்கடையில் இருந்தவர்கள்: நான், மரக்கட்டை செதுக்கும் கென்ஷிச்சி, அச்சுப்போடும் யசூஸோ. நீ இல்லை. கபுகி நடிகர் ரான்ஸபுரோ இழுத்துக்கொண்டு கிடந்த வீட்டு வாசலில் தகவலுக்காக நின்றிருந்தாய். நடிகர் செத்ததும் தெருவில் விற்கிற மரணப் படம், வெளிர்நீலச் சாவு உடையும் ஜெபமாலையுமாக, அவருக்கு முந்தின நாளே வரைந்து கொடுத்திருந்தாய். இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாய். "நான் வந்து சொல்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய்.

எதிர்ப் படக்கடை மாகோபெய் நம் வாசலில் நின்று, "என்ன கெழவி, தூங்கிட்டியா? நாளைக்குத் தெருவெல்லாம் எங்க படந்தான்" என்று சிரித்தான். அவன் செத்து ஆறு வருஷம். இன்னும் ஒரு ஊதுபத்தி வைக்கவில்லை நான்.

உள்ளே வந்து, இன்றைய தேதியைச் செதுக்கு என்றேன். "மூச்சு இருக்கற மனுசனுக்கு நான் தேதி போட மாட்டேன் முதலாளியம்மா" என்றான் கென்ஷிச்சி. "அப்ப உளியத் தூக்கிக்கிட்டு வேற கடை பாரு" என்றேன். நாலு பிள்ளைக்காரன். செதுக்கினான். யசூஸோ அச்சுப்போட்டான்.

நம் படம் விற்பவன் ரான்ஸபுரோ வீட்டு வாசலிலேயே வந்து கூவியதை நீ கேட்டாய். ஓடிவந்து கென்ஷிச்சியை அறைந்தாய். அவன்தான் அவசரப்பட்டுவிட்டான் என்று நான் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இனி மனுஷ முகமே வரைய மாட்டேன் என்று நீ போய் எட்டு வருஷம். செதுக்கச் சொன்னது நான்தான் என்று கென்ஷிச்சி இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. புத்தாண்டுக்கு அரிசிப் பிட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். அதைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொன்றும் மறைத்தேன். மறுநாள் ரான்ஸபுரோவின் காலில் போய் விழுந்தேன். உன் படம் அவர் கையில் இருந்தது. "பொழச்சு மேடை ஏறுனாக்கூட இவ்ளோ அழகா இருக்க மாட்டேன். இந்த மூக்கப் போட்டது உன் பேரனா? வரையறத விட வேணாம்னு சொல்லு" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார். இதை உன்னிடம் சொன்னால் நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்பாயே, அதனால் விழுங்கிவிட்டேன்.

கென்ஷிச்சிக்கு ஒரு வரி எழுது. அவனுக்குக் கண் மங்கிவிட்டது, அவன் மகள் படித்துச் சொல்வாள். ஒரு முகம் வரை, யார் முகமானாலும் சரி. என்னைப் பார்க்க வர வேண்டாம். நீ நன்றாயிரு.

மாகோபெய்க்குக்கூட நாளைக்கு ஊதுபத்தி வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். என்னால் மன்னிக்க முடியாதவள் ஒருத்திதான்.

ஓட்சுனே